இடப்பக்க இருக்கை: திருகோணமலைக் கரையோரப் பறவைகளைப் படம்பிடிக்க ஒரு நாள்

திருகோணமலை நகரத்திலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போகும்போது கடல் வலக்கைப் பக்கம், களப்புகள் பெரும்பாலும் இடக்கைப் பக்கம். காலைச் சூரியன் கடலிலிருந்து எழும். ஆகவே வீதியோரம் நின்று களப்பைப் பார்த்தால் வெயில் நம் முதுகிலும் பறவையின் முகத்திலும் விழும். மாலையில் அதே வீதியால் திரும்பினால் இடக்கைப் பக்கம் கடல் இருக்கும், சூரியன் மேற்கே போயிருக்கும், வெயில் மறுபடியும் முதுகில்தான். நம் நாட்டில் வாகனம் இடப்பக்கமாக ஓடுவதால் போகும்போதும் வரும்போதும் இடப்பக்க இருக்கையில் இருப்பவருக்கே படம். இதை மனதில் வைத்து நாளைத் திட்டமிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெளியூரிலிருந்து கமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விடியற்காலையில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் போய் நிற்கிறார்கள். சூரிய உதயம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கரையில் நிற்கும் ஆலாவும் கடற்காகமும் கரிய உருவமாகத்தான் படத்தில் விழும். பிறகு மாலையில் களப்புக்குப் போய் மேற்கே பார்த்தால் அங்கேயும் அதே கதை. காலை களப்பு, மாலை கடற்கரை என்பதே இந்தக் கரைக்குப் பொருத்தமான ஒழுங்கு.

காற்றும் இந்தக் கணக்கில் சேரும். நீர்ப்பறவை காற்றை எதிர்கொண்டே நிற்கும், காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். பின்னாலிருந்து காற்று அடித்தால் இறகு கலையும், எழும்பவும் சிரமம். அதனால் காற்று வரும் திசையில் நாம் இருந்தால் பறவை நம்மைப் பார்த்தபடி நிற்கும், கலைந்தாலும் முதல் சில அடி நம் பக்கமாகவே எழும்பும். மாசி, பங்குனியில் வாடை இன்னும் முற்றாக ஓய்ந்திருக்காது. விடியும் நேரம் தரைக்காற்று மெல்ல வீசினாலும், சூரியன் ஒரு பனை உயரம் ஏறியதும் பல நாட்களில் வாடை கை மேலாகிவிடும். வெயில் கிழக்கே, காற்று வடகிழக்கே, நாம் களப்பின் கிழக்குக் கரையில். மூன்றும் ஒரே பக்கம் சேரும் இந்தக் காலைகளைவிட நல்ல காலை இங்கே வருடத்தில் இல்லை. வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று தரைப் பக்கமிருந்து வரும். அப்போது மாலைக் கடற்கரையில் நிற்கும் ஆலாக்கள் எல்லாம் தரையைப் பார்த்து, அதாவது நம்மையும் சூரியனையும் பார்த்து நிற்கும்.

எந்த மாதம் வருவது என்று கேட்பவர்களுக்கு, களப்புப் பறவைக்கு பெப்ரவரியும் மார்ச்சும், ஏப்ரல் முதல் வாரங்களும் என்றுதான் சொல்வோம். வலசைப் பறவைகள் ஆவணி கடைசியிலிருந்தே வந்து சேரத் தொடங்கும். ஆனால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி மழை. களப்பு கரை முட்டி நிற்கும், சேற்றுத்திட்டு எதுவும் வெளியே தெரியாது. உள்ளான் எனும் சிறு கரைப்பறவைகளுக்கு நிற்க இடமே இருக்காது, அவை அங்கங்கே சிதறிப் போய்விடும். தை கழிந்து தண்ணீர் வடிய வடியத்தான் சேறு வெளிப்படும், பறவைகளும் ஒரே இடத்தில் குவியும். பங்குனி முடியும்போது இன்னொரு சிறப்பு உண்டு. வடக்கே நெடுந்தூரம் பறக்கப் போகிற பறவைகள் இரை தின்று கொழுத்து, இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மாறத் தொடங்கும். மார்கழியில் சாம்பலும் வெள்ளையுமாக இருந்த வளைமூக்கு உள்ளானின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். மணல்நிற உப்புக்கொத்தியின் மார்பில் ஆரஞ்சுப் பட்டை படரும். பாதி மாறிய இந்தக் கோலத்தைப் பலர் அரிய பறவை என்று எண்ணிக் குழம்புவதுண்டு. அலகின் வளைவையும் காலின் நீளத்தையும் பார்த்தால் குழப்பம் தீரும், ஏனெனில் நிறம் மாறினாலும் அவை மாறுவதில்லை.

வற்றுப் பெருக்கு அட்டவணையைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மற்ற நாட்டுக் கையேடுகள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லும். ஆனால் திருகோணமலையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றர்கூட வராது. இங்கே களப்பின் மட்டத்தைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு மழை பெய்தது, காற்று எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறது, ஆற்றுவாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. வாயில் மணல் மேடு கட்டிவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கும். மழை வெள்ளம் உடைத்தாலோ ஆட்கள் வெட்டிவிட்டாலோ ஓரிரு நாளில் மட்டம் இறங்கிச் சேறு பளபளவென்று வெளியே வரும். அந்த நாட்களுக்காகக் காத்திருக்கலாம். இறக்கக்கண்டிப் பாலத்தருகே தூண்டில் போடுகிறவர்களிடமும் வலை வீசுகிறவர்களிடமும் கேட்டால் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல் அது.

தண்ணீரின் ஆழம்தான் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைப் பிரிக்கிறது. ஈரச் சேற்றின் மேலே ஓடுவது உப்புக்கொத்தி. விரல்கடை ஆழத்தில் தையல் ஊசி போல அலகைக் குத்திக் குத்தி நடப்பது சின்ன உள்ளான். கணுக்கால் ஆழத்தில் செங்கால் உள்ளானும் வளைமூக்கும் நிற்கும். அதற்கு அப்பால் நெடுங்கால் உள்ளான், அதையும் தாண்டிக் கரண்டிவாயனும் சங்குவளை நாரையும் பெரிய வெள்ளைக் கொக்கும். சில வருடங்களில் எல்லாவற்றுக்கும் அப்பால் பூநாரைக் கூட்டமும் வந்து நிற்கும். கரையிலிருந்து உள்ளே பார்க்கும்போது இந்த அடுக்கு தெரிந்தால் எங்கே படுப்பது என்பதும் தெரியும். சேறு கணுக்கால் ஆழத் தண்ணீரைத் தொடும் விளிம்பே நல்ல இடம்.

இதை இருவராகச் செய்வதையே நாங்கள் விரும்புகிறோம். தனியாகப் போனால் கண் முழுக்கக் கமராவுக்குள் இருக்கும். பின்னால் மாடு வருகிறதா, தெருநாய் வருகிறதா, வலப்பக்கம் செம்பருந்து தாழப் பறந்து வருகிறதா என்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு பேராகப் போனால் பறவை நிற்காது. இரண்டு பேர் என்றால் ஒருவர் படம் எடுப்பார், மற்றவர் தொலைநோக்கியோடு பார்த்துச் சொல்வார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். கடும் நேர ஒழுங்கு இல்லாவிட்டால் நல்ல வெளிச்சம் முழுவதும் ஒருவருக்கே போய், மற்றவர் மனத்தாங்கலோடு வீடு திரும்புவார். திசை சொல்வதற்கு முன்கூட்டியே ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். “அந்தா, அந்தப் பக்கம்” என்பது யாருக்கும் உதவாது. நேரே முன்னால் பன்னிரண்டு மணி, வலக்கை மூன்று மணி என்று கடிகார முள் கணக்கில் தணிந்த குரலில் சொன்னால் லென்ஸ் உடனே திரும்பும். கை நீட்டிக் காட்டக் கூடாது. பேச்சைவிட நீட்டிய கைக்குத்தான் பறவை அதிகம் மிரளும்.

நடந்து போகும்போது இருவரும் ஒருவர் பின் ஒருவராக, ஒரே கோட்டில் போக வேண்டும். இரண்டு பக்கமாகப் பிரிந்து போனால் பறவைக்குத் தன்னைச் சுற்றி வளைக்கிறார்கள் என்று படும், உடனே எழும்பிவிடும். நேரே அதை நோக்கியும் போகக் கூடாது. பக்கவாட்டில் போகிற மாதிரிக் கோணலாக நடந்து, பத்துப் பதினைந்து எட்டுக்கு ஒருமுறை நின்று, குந்தி இருந்து, மறுபடி நகர வேண்டும். பறவை இரை பொறுக்குவதை விட்டுத் தலையை நிமிர்த்தினால் நாம் நிற்க வேண்டும். தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் இரண்டு எட்டுப் பின்வாங்க வேண்டும். செங்கால் உள்ளான் முதலில் கத்தும் பறவை. அது கத்தினால் களப்பின் அந்த மூலை முழுதும் எழும்பிவிடும், ஆகவே மற்றப் பறவைகளை விட அதன் மேலேயே கண் இருக்கட்டும். பூநாரை கண்ணில் பட்டால் கிட்டப் போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வெகு தூரத்திலேயே கலைந்துவிடும். இரை தேடும் நேரத்தில் அவற்றை ஒருமுறை பறக்க வைப்பது நாம் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஒருவரை எழுப்பி ஓட விடுவதற்குச் சமம். சூழலோடு சேர்த்துத் தூரப் படம் எடுத்தாலே போதும், அதுவும் நல்ல படம்தான்.

இறங்கி நடப்பதைவிட வாகனத்துக்குள் இருப்பதே பல இடங்களில் மேல். வீதியோரப் பறவைகளுக்கு வாகனம் பழகிய பொருள். மனித உருவம்தான் பயம். இந்த வேலைக்குக் காரைவிட ஓட்டோ நல்லது. இருக்கை தாழ்வு, பக்கம் திறந்திருக்கும், கண்ணாடி இறக்கும் சத்தம் இல்லை. ஆனால் இயந்திரத்தை நிறுத்தாமல் படம் எடுத்தால் அதிர்வு நேரே படத்துக்குள் வந்துவிடும். எனவே ஓட்டுநரிடம் முன்னமே சொல்லி வையுங்கள்: பறவைக்கு நேரே வந்து சட்டென்று பிரேக் போடாமல், தூரத்திலேயே இயந்திரத்தை அணைத்து உருண்டு வந்து நிற்க வேண்டும். லென்ஸைத் தாங்க இரண்டு கிலோ அரிசியைத் தடித்த துணிப்பையில், முக்கால்வாசி மட்டும் நிரப்பித் தைத்து எடுத்துக்கொள்ளுங்கள். முட்ட நிரப்பினால் பை கல் மாதிரி இறுகி லென்ஸ் பதியாது. அரிசிக்குப் பதில் மணல் போட்டால் பாரம் கூடும், தையல் வழியாகத் தூளும் கசியும்.

சேற்று விளிம்பில் படுத்து எடுக்க வேண்டும் என்றால் பழைய தாச்சிச் சட்டி ஒன்று போதும். பிடி இல்லாத, அடி உருண்ட, அலுமினியத் தாச்சி. நடுவில் துளை போட்டு முக்காலியில் இருக்கும் பந்துத் தலையை 3/8 அங்குலத் திருகாணியால் கீழிருந்து முறுக்கிவிட்டால், அது மணலிலும் சேற்றிலும் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். கமரா தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மணல் படாமல் இருக்கும். இந்த உயரம் ஏன் முக்கியம் என்றால், நின்று எடுத்தால் பறவையின் முதுகும் அதன் பின்னால் சேறும்தான் தெரியும். படுத்தால் அதன் கண் நம் கண்ணுக்கு நேரே வரும், பின்னணி வெகு தூரத்து அக்கரை ஆகிவிடும், அது மென்மையான ஒரே நிறமாகக் கரைந்து போகும். சின்ன உள்ளான் ஒரு சாண் நீளம்கூட இல்லாத பறவை. அதை மனித உயரத்திலிருந்து பார்ப்பது அதற்கு நியாயம் செய்வதாகாது.

ஒளியளவு பற்றி. திறந்த களப்பில் காலை வெயிலில் ஒளி எல்லா இடத்திலும் ஒன்றுதான், பின்னணி மட்டும் மாறும். வெள்ளைக் கொக்கு கரும்பச்சைக் கண்டலுக்கு முன்னால் வந்தால் தானியங்கிக் கமரா ஏமாந்து வெள்ளையைச் சுட்டுவிடும். அதே கொக்கு பளிச்சிடும் தண்ணீருக்கு மேல் போனால் சாம்பல் ஆக்கிவிடும். எனவே ஒளியளவைக் கையால் பூட்டிவிடுவதே நல்லது. சூரியன் நன்றாக எழும்பிய பிறகு லென்ஸின் துளை எஃப்/8, மூடி வேகம் செக்கனில் 2000இல் ஒரு பங்கு, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ 800 என்பது தொடங்க ஏற்ற அளவு. முதலில் வெள்ளைக் கொக்கு ஒன்றை எடுத்துப் பார்த்து, இறகின் கோடுகள் தெரிகிற அளவுக்கு ஒளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை சரியாக வந்தால் மற்றவை தாமாக ஒழுங்காகும், நீர்க்காகம் போன்ற கறுப்புப் பறவைக்கு மட்டும் ஒளியை ஒரு படி, அதாவது இரு மடங்காக, கூட்டினால் போதும். நடக்கும் உள்ளானுக்கு 1/1000 போதும். திரும்பித் திரும்பிப் பறக்கும் ஆலாவுக்கு 1/2500க்குக் கீழே போகக் கூடாது. வெயில் குறைவான விடியற்காலையில் ஐ.எஸ்.ஓவை 3200 வரை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாக வருவதைப் பின்னர் குறைக்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பறவையின் கண்ணைத் தானாகப் பிடிக்கும் புதிய கமராக்கள் நல்லவை. ஆனால் சூரியன் பட்டு மினுங்கும் அலையின் புள்ளிகளைக் கண் என்று எண்ணிக் குவியம் அங்கே ஓடிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும். அப்படி நடந்தால் பகுதியைச் சுருக்கி நடுப்புள்ளிக்குப் போங்கள். கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒருமிக்கக் கூராக்கவும் முயல வேண்டாம். முன்னால் நிற்கும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணிக்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாம் ஏதோ மெழுகு பூசிய மாதிரி இருக்கிறதென்று பலர் லென்ஸைத் திருத்தக் கொண்டுபோகிறார்கள். பெரும்பாலும் குற்றம் கானலில். சேறும் உப்புத் தரையும் சூடேறியதும் தரையை ஒட்டிய காற்று நடுங்கத் தொடங்கும். லென்ஸ் நீளம் கூடக்கூட அந்த நடுக்கமும் பெருகும், படுத்து எடுப்பவருக்கு இன்னும் கூடும். இதற்கு மருந்து இல்லை. தூரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்திவிட வேண்டும். வீதிக்கு இந்தப் பக்கம் நின்று தாரின் மேலாக எடுப்பதும், கார் மூடியின் மேலாக எடுப்பதும் கானலைத் தேடிப் போய் வாங்குவது போல.

சேற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. களப்போரம் காய்ந்து வெடித்த மேற்பரப்பு உறுதியாகத் தெரியும், அதன் கீழே கரிய களி இருக்கும். மாட்டுக் குளம்பு ஆழப் பதிந்த இடத்தில் நாமும் புதைவோம், குளம்பு மேலோட்டமாகப் பதிந்த தடத்தில் நடக்கலாம். புதைந்தால் நேரே காலை இழுக்காமல், உட்கார்ந்து, குதிக்காலை அசைத்துக் காற்று உள்ளே போக விட்டு வெளியே எடுக்க வேண்டும். செருப்பு இந்தச் சேற்றில் நிற்காது, கட்டி அணியும் பழைய கன்வஸ் சப்பாத்து நல்லது. வெறுங்காலோடு போனால் மட்டிச் சிப்பி கிழிக்கும். ஆற்றுவாய்ப் பகுதிகளில் முதலை பற்றியும் ஊர்க்காரரைக் கேட்ட பிறகே தண்ணீரோரம் படுக்க வேண்டும்.

பவளநிறக் கால் கொண்ட நெடுங்கால் உள்ளானை எளிதில் கிடைக்கிறதென்று அலட்சியப்படுத்துகிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு காலை மடித்துத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழும், அது விழுந்து வட்டம் விரிவதற்குள் மறுகால் வந்து அந்த வட்டத்தைக் கலைக்கும். காற்று இல்லாத ஏழு மணிக்கு முன்னால் பறவையும் அதன் நிழலும் அலகு நுனியில் ஒன்றையொன்று தொடும். இந்தப் பறவைக்குச் சட்டத்தைக் கிடையாக வைக்காமல் நிமிர்த்தி வைத்தால், நீண்ட காலும் அதன் நிழலும் முழுதாக அடங்கும். காலை வெட்டி எடுத்த நெடுங்கால் உள்ளான் படம் எத்தனை கூர்மையாக இருந்தாலும் குறைதான்.

இங்கே கிடைக்கும் மிகச் சிறந்த பறவை எது என்று கேட்டால், கையளவு உயரம்கூட இல்லாத, மணல் நிறத்திலான இன்னொரு உப்புக்கொத்தியைத்தான் காட்டுவோம். கென்டிஷ் உப்புக்கொத்தி என்ற பெயரிலேயே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கெடுத்த ஆய்வுக்குப் பிறகு, 2023இல் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கூடு கட்டும் இந்தப் பறவை தனி இனம் என்று ஏற்கப்பட்டு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் பெற்றது. மன்னாருக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட மணல் திட்டுகளை நினைத்து வைத்த பெயர். வலசை போகாமல் இங்கேயே இருப்பதால், வடக்கிலிருந்து வந்தவை எல்லாம் போன பிறகும் உப்பு வெளியில் இது தனியாக ஓடித் திரியும்.

ஏப்ரலுக்குப் பின், வெயில் காலத்தில், அனுமன் உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும் நெடுங்கால் உள்ளானும் மணல் திட்டுகளிலும் உப்பள வரப்புகளிலும் முட்டையிடும். கூடு என்று ஒன்றும் இருக்காது, மணலில் ஒரு குழி, அதில் மணல் நிற முட்டைகள். அவ்வளவுதான். காலடியில் கிடந்தாலும் தெரியாது. பறவை ஒன்று சிறகு ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு உங்களுக்கு முன்னால் ஓடினாலோ, ஆலா தலைக்கு மேல் வந்து பாய்ந்தாலோ, முட்டை அருகில் இருக்கிறது என்று பொருள். அதைப் படமெடுக்காமல் வந்த தடத்திலேயே திரும்பி விடுங்கள். நடுவெயிலில் தாய் எழும்பினால் முட்டைக்கு நிழல் போய்விடும், சூட்டில் சில நிமிடங்களிலேயே உள்ளிருக்கும் குஞ்சு செத்துவிடலாம். நாம் நின்ற இடத்தைக் காகமும் நாயும் பார்த்து வைத்துக்கொள்ளும். சிறகு ஒடிந்ததாக நடிக்கும் பறவையின் படத்துக்காக மறுபடி மறுபடி கிட்டப் போகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையாகவே நெஞ்சு கனக்கிறது.

நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கத்து உப்பளங்கள் பறவைக்கு அருமையான இடங்கள். பாத்திகளில் மட்டம் மாறாது, ஆழம் குறைவு. ஆனால் அவை ஆட்கள் பாடுபடும் இடங்கள். வாசலில் கேட்டு அனுமதி பெற்றுப் போக வேண்டும், உப்புப் படிந்த பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. வெண்ணிற உப்பில் வெயில் கீழிருந்தும் திரும்பி அடிப்பதால் பறவையின் வயிற்றுப் பக்கம் இருளடையாமல் விழுவது இங்கே கிடைக்கும் நன்மை. எட்டரை மணிக்கு மேல் கண் கூசும், நிற்க முடியாது.

ஒன்பதரை தொடக்கம் மூன்றரை வரை கமராவைப் பையில் வைத்துவிடலாம். நேரம் வீணாகாமல் இருக்க, வடக்கே குச்சவெளி கடந்து போய் மாலைக்கான இடங்களைப் பார்த்து வரலாம். முல்லைத்தீவு எல்லையில் இருக்கும் கொக்கிளாய்க் களப்பு 1951இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவதுதான் முறை. அந்தப் பக்கம் மிதிபட்ட பாதையை விட்டு விலகாதீர்கள், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்காவது இருந்தால் அதற்கு இப்பாலேயே நில்லுங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தொப்பி, ஈரத் துவாய். கடைச் சாப்பாட்டைப் பன்னிரண்டு மணிக்கு முன்னமே முடித்தால் நல்ல மீன் கிடைக்கும்.

மாலைக்குக் கரைவலை. கடல் தணிந்த மாதங்களில் நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரை கரைவலை இழுக்கும் இடங்கள் உண்டு. எந்த மீனவர் வாடியில் எத்தனை மணிக்கு வலை ஏறும் என்பதை அருகிலுள்ள தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள். முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய்ப் பேசுங்கள், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இழுத்து, இரண்டு அணியும் மெல்ல மெல்ல நெருங்கி வரும்போது பறவைகள் இன்னும் வந்திருக்காது. மீன் சேரும் வலைப்பையான மடி கரையிலிருந்து ஐம்பது அறுபது மீற்றருக்குள் வந்ததும்தான் கொண்டை ஆலாக்கள் எங்கிருந்தோ வந்து மேலே சுற்றும். பங்குனி வரையில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் சேரும். மடிக்குள் மீன் துள்ளித் தண்ணீர் வெள்ளையாகக் கொதிக்கும் அந்தச் சில நிமிடங்களில் செம்பருந்து வரும். காற்றுக்கு எதிரே திரும்பி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், பிறகு இறங்கிக் காலால் மீனைக் கொத்தாக அள்ளிக்கொண்டு போகும். படம் அந்த நின்ற கணத்தில்தான். பாய்ச்சலைத் துரத்தினால் பெரும்பாலும் வால்தான் கிடைக்கும். மீனை எடுத்தபின் பறந்தபடியே காலை முன்னால் நீட்டிக் குனிந்து கொத்தித் தின்னும், அதுவும் நல்ல படம்.

தரைப் பக்கம், மடி ஏறும் இடத்துக்குச் சற்று ஓரமாக, வெயில் முதுகில் பட நில்லுங்கள். இறுகிய கயிற்றைத் தாண்டவே வேண்டாம். அறுந்தால் காலை முறித்துவிடும், இழுப்பவரின் தாளமும் குலையும். வெண்ணுரையும் வெள்ளைப் பறவையும் சேர்வதால் களப்பில் வைத்ததைவிட ஒளியை இன்னொரு மூன்றில் ஒரு படி குறைக்கலாம். நண்பர்களில் ஒருவர் நீள லென்ஸோடு பறவையைப் பார்த்தால், மற்றவர் அகல லென்ஸோடு ஆட்களையும் பறவைகளையும் ஒரே சட்டத்தில் எடுக்கலாம். இந்தக் கரையின் உண்மையான படம் அதுதான் என்பது எங்கள் எண்ணம். எடுத்த படங்களில் இரண்டு மூன்றைப் பிரதி எடுத்து அடுத்த முறை வாடியில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கச்சான் காலத்தில் வருகிறவர்களுக்குப் புறாத்தீவு இருக்கிறது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பெயருக்குக் காரணமான மலைப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு வைக்கும். ஆள் கூட்டம் வருவதற்குள், முதல் படகிலேயே போய்விட வேண்டும். முருகைக்கல்லின் மேல் காலூன்றக் கூடாது. வெயிலுக்குப் பூசும் களிம்புக்குப் பதில் நீளக் கைச்சட்டை அணியுங்கள்.

மாலை நகரத்திலேயே கழிப்பதென்றால் கோணேசர் கோயில் மலை. அங்கிருந்து பார்ப்பது கிழக்கே, ஆகவே வெயில் மறுபடி முதுகுப் பக்கம். கொட்டியார்குடாவிலிருந்தே தொடங்கும் ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வரும். பங்குனி தொடக்கம் ஆவணி வரை, கடல் தணிந்த மாலைகளில் நீலத்திமிங்கிலத்தின் மூச்சு நெட்டையான தூணாக எழும்புவதைத் தொலைநோக்கியில் காணலாம். படத்துக்கு அது தூரம், கண்ணுக்குப் போதும். வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் பழகி நிற்கும். அவற்றுக்குப் பழத்தட்டையும் பொலித்தீன் பையையும் நீட்டி அருகில் அழைத்துப் படமெடுப்பதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். உணவு வாசம் பட்ட பொலித்தீனை மான் விழுங்கும், அது வயிற்றில் தங்கி மானைக் கொல்லும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படை. நீள லென்ஸை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. குச்சவெளிக்கு வடக்கே போனவர்கள் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவது நல்லது, யானை வீதிக்கு வரும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கமராவைத் துடைப்பது. காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடியிலும் உடலிலும் கீறும். முதலில் ஊதி மணலைப் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்து, பிறகு காய்ந்த துணி. முன்கண்ணாடியைக் கடைசியாக. பந்துத் தலையையும் தாச்சியையும் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். குளிரூட்டி அறையில் இரவு வைத்த கமராவை விடியற்காலையில் திறந்த வெளிக்கு எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படரும், நல்ல வெளிச்சம் போன பிறகே விலகும். பையை மூடியபடியே குளிரூட்டி இல்லாத இடத்தில் வைத்து உறங்குங்கள். கரையோர ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், உலர்த்தி மணிகள் போட்ட, இறுக மூடும் பெட்டி ஒன்று கட்டாயம்.

படங்களை இணையத்தில் போடும்போது கூடு இருக்கும் இடத்தின் பெயரையும் கோப்பில் ஒளிந்திருக்கும் இடக்குறியையும் நீக்கிவிடுங்கள். உள்ளானின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிறக் கொடியோ வளையமோ இருந்தால் எத்தனை படம் எடுத்தாலும் தகும். எழுத்து வாசிக்கிற அளவுக்கு ஒன்றாவது வேண்டும். எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எந்த நிறம் எதற்கு மேல் என்பதைப் பறவை பறப்பதற்குள் நண்பர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, திகதி, நேரம், களப்பின் பெயர் ஆகியவற்றோடு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.